அத்தையின் கீபோர்டில் நான் பிடித்த வைரஸ்

ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நான் ஒரு வைரஸைப் பிடித்தேன். காய்ச்சல் கொடுக்கும் வைரஸ் அல்ல, கம்ப்யூட்டர் வைரஸ். யாருடைய உதவியும் இல்லாமல், ஒரு அரைமணி நேரத்துக்குள், எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போலத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இப்போது சேலத்தில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறேன். மூன்றாவது வருடம். இத்தனை படித்தும் அதற்கு ஈடாக இன்னும் எதையும் சாதிக்கவில்லை. அது வைரஸே இல்லை என்பது ஒன்றுதான் அந்தச் சாதனையில் இருந்த குறை.

கம்ப்யூட்டர் அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கொல்லிமலை மேலே, செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் அத்தைக்கு ஒரு கடை. கடை என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் ரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. தேவனூர் நாட்டிலிருந்தும் ஆலத்தூர் நாட்டிலிருந்தும் ஆட்கள் நாலாக மடித்த காகிதத்தோடு வருவார்கள். நாடு என்றால் எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. மனு, வேலை விண்ணப்பம், பேங்குக்குக் கடிதம் என்று எதுவானாலும் அத்தை அடித்துக் கொடுப்பாள்.

அடிக்கும்போது பார்க்க வேண்டும். கண் ஸ்கிரீனில் இருக்கும், வாய் வந்தவரிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருக்கும், மேசைக்கு அடியிலிருந்து சட்டியில் சாமை பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கீபோர்டு மேசைக்கு அடியில் இழுக்கிற பலகையில் இருந்தது. அத்தை அதைக் குனிந்து பார்த்து நான் கண்டதே இல்லை. சின்ன வயதிலேயே சேந்தமங்கலம் போய் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அத்தையின் வலது கையில் மூன்று விரல்கள்தான். சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும், நான் பிறப்பதற்கு முன்பே, அரவை மில் பெல்ட் எடுத்துக்கொண்டுவிட்டது. உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அப்போது எனக்கு இது ஒரு செய்தியே இல்லை. அத்தைக்கு மூக்குத்தி இருந்தது, முன்பல்லில் சந்து இருந்தது, வலது கையில் மூன்று விரல் இருந்தது. நான் பார்த்த நாள் முதல் அத்தை அப்படித்தான். வெளியாட்கள் வந்தால் அந்தக் கை மேசைக்கு அடியிலோ முந்தானைக்குள்ளோ போய்விடும் என்பதுகூடப் பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கடையில் ஒரே ஒரு குறை இருந்தது. ஜாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றை அத்தையால் போட முடியாது. அதற்குச் சர்க்காரிடமிருந்து ஒரு யூசர் ஐடி வேண்டும். அது இல்லாததால் வந்தவர்களை வேறு இடத்துக்கு வழிகாட்டி அனுப்புவதே அத்தைக்குப் பாதி வேலையாக இருந்தது. எழுதிப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, வெள்ளிக்கிழமை ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. இடத்தைப் பார்ப்பார், மெஷின்களைப் பார்ப்பார், ஒரு விண்ணப்பத்தை அடிக்கச் சொல்லி நேரம் பார்ப்பார். அவர் சரி என்றால் ஐடி. இல்லை என்றால் அத்தை கடைசி வரைக்கும் மனுதான் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வாரம் எங்கள் குடும்பமே கடைக்குள் இருந்தது. அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா பெஞ்சுக்காலில் இருந்த சாணிக்கறையைத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்தாள். எனக்கு மட்டும் யாரும் வேலை கொடுக்கவில்லை. நானும் ஏதாவது செய்தே தீருவது என்று திரிந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாய்ப்பு வந்தது. பிரிண்டர் மை வாங்க அத்தை பக்கத்துத் தெருவுக்குப் போனாள். "ஆரு வந்தாலும் செத்த உக்காரச் சொல்லு சாமி. கம்ப்யூட்டரத் தொடாத" என்றாள். முதல் பாதியைச் சரியாகச் செய்தேன். யாரும் வரவில்லை என்பதால் அது சுலபமாக இருந்தது.

அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் தேடித் தேடி, கொல்லி என்று இங்கிலீஷில் அடித்தேன். கே வந்தது. ஓ-வை அமுக்கினால் எக்ஸ் வந்தது. எல்-ஐ அமுக்கினால் இசட், மறுபடி அமுக்கினால் இன்னொரு இசட். அழிக்கலாம் என்று பேக்ஸ்பேஸை அமுக்கினால், அழிவதற்குப் பதில் ஒரு குட்டிக் கோடு புதிதாக வந்து நின்றது. பி-யை அமுக்கினால் கியூ.

நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன். பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். பெரியப்பா மகன் ப்ளஸ் டூவில் வாங்கிய லேப்டாப்பில் வைரஸ் புகுந்து எழுத்தெல்லாம் கன்னாபின்னாவென்று போன கதையை அவன் பத்துத் தடவை சொல்லியிருந்தான். அதே வைரஸ்! அதுவும் நாளைக்கு ஆபீசர் வரும் நேரத்தில்! கண்டுபிடித்தது நான்!

கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு குட்டிப் படம் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் வைத்து மவுஸின் வலது பொத்தானை அமுக்கினேன். வெளியேறு என்ற பொருளில் ஒரு வரி வந்தது. அமுக்கினேன். பச்சைப் படம் மறைந்தது. கொல்லி என்று அடித்தேன். கொல்லியே வந்தது. ஆனால் பெரியப்பா மகன் சொல்லியிருக்கிறான், வைரஸ் என்பது கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி முளைக்கும். அதனால் அதன் பொந்தைத் தேடிப் பிடித்து, ஃபைலையே இழுத்து ரீசைக்கிள் பின்னில் போட்டேன். முழுதாக அழித்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது நம்பாவிட்டால் காட்டுவதற்கு வேண்டுமே.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிப் பார்த்தேன். எதில் என்ன எழுதியிருந்ததோ அதுவே வந்தது. உலகத்தில் எல்லாக் கீபோர்டும் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது. பாவாடையால் அதைத் துடைத்துவிட்டு இறங்கினேன். அத்தையிடம் சொல்லவில்லை. ஆபீசர் பாராட்டும்போது, நடுவில் புகுந்து சொல்வதாகத் திட்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு வயிற்றுவலி. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் சரியாகிவிட்டது. கடைக்குப் போனேன்.

ஆபீசர் பத்தரை மணிக்கு ஜீப்பில் வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவர் முகத்தில் இருந்தது. கீழே இருந்து முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் இறங்குவார்கள். கொஞ்ச நேரம் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, பிரிண்டர் இருக்கிறதா, இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் டிக் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்தபடி மாதிரி விண்ணப்பம் ஒன்றை நீட்டினார்.

"இத அடிங்கம்மா. நான் டைம் பாத்துக்கறேன்" என்று போனில் கடிகாரத்தை ஓடவிட்டார்.

அத்தை ஆரம்பித்தாள். விண்ணப்பதாரர் பெயர் பொன்னுசாமி. சாமை பொரியும் சத்தம் வழக்கம் போலக் கேட்டது. ஸ்கிரீனில் கியூ வந்தது, எக்ஸ் வந்தது. சத்தம் நின்றது. அத்தையின் இடது சுண்டு விரல் மூலைக்குப் போய் எதையோ அமுக்கியது. குட்டிக் கோடு ஒன்று வந்தது. இன்னொரு முறை. இன்னொரு கோடு. அத்தை முதல்முறையாகக் குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கடிகாரத்துக்குப் பக்கத்தில், பச்சைப் படம் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்தேன்.

அத்தை ஆபீசர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கய்யா, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்களே. மலையேறி வந்தவங்களுக்கு வெறும் வயித்துல உக்காந்தா தலசுத்தல் நிக்காதுங்க. சலூனுக்கு அந்தாண்ட காப்பிக்கடையில மொளகு தட்டிப் போட்டு வரக்காப்பி தருவாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு வாங்க. நான் புதுசா மொதல்ல இருந்து அடிக்கறனுங்க."

ஆபீசர் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "ஆமாம்மா, ஒரு மாதிரியாத்தான் இருக்கு. மறுபடி மொதல்ல இருந்தே டைம் போட்டுக்கறேன்" என்று வெளியே போனார்.

அவர் சலூனைத் தாண்டும் வரை அத்தை அசையவில்லை. பிறகு, "சாமி, இங்க வா" என்றாள். கோழியைக் கூடைக்குள் விடுவதற்குக் கூப்பிடுகிற குரல். "கீபோர்டு இன்னைக்கு வேற மாதிரி இருக்குதே, நீ எதாச்சும் பண்ணினியா?"

திட்டமிட்ட நேரம் இதுவல்ல. ஆனாலும் என்னால் அடக்க முடியவில்லை. "வைரஸ் இருந்துச்சு அத்தே! எழுத்தெல்லாம் மாத்தி மாத்தி வந்துச்சு. நாந்தான் புடிச்சு எடுத்தேன்!"

அத்தை ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தாள். "அடேங்கப்பா. நீ ஒருத்தியாவா?"

"ஆமா."

"புடிச்சுக் கொன்னுட்டியா, உசுரோட வெச்சிருக்கியா?"

"உசுரோடதான் இருக்குது. ரீசைக்கிள் பின்ல போட்டு வெச்சிருக்கறேன்."

அத்தையின் தோள் இறங்கியது. அப்போது அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். "நான் இதுவரைக்கும் வைரஸே பாத்ததில்ல கண்ணு. எனக்குக் காட்ட மாட்டியா?"

நாற்காலியின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து காட்டினேன். அத்தை காப்பிக்கடைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே, "இத்துனூண்டா? இதயா அவ்ளோ பெருசாச் சொன்ன? இத மறுபடி வெளிய உட்டா என்ன ஆவும்?" என்று கேட்டாள்.

"மறுக்காவும் எல்லாங் கெட்டுப்போயிரும்."

"சும்மா அளக்காத. கெட்டுப்போவுமாம்ல."

"நெசமா அத்தே!"

"எங்க, கெடுத்துக் காட்டு. பாப்போம்."

"ஆபீசரு வந்துருவாருல்ல?"

"வந்தா வரட்டும். உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லீரு. அதுக்கு எதுக்கு ஆபீசர இழுக்கற?"

யாரிடம் வந்து இந்த வார்த்தை! ஃபைலைப் பின்னிலிருந்து எடுத்துப் பழைய பொந்திலேயே விட்டேன். இரண்டு தட்டு தட்டினேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சைப் படம் வந்து உட்கார்ந்தது. பி-யை அமுக்கினேன். கியூ.

"பாருங்க! பாருங்க! கெட்டுப்போச்சா?"

"அட ஆமா" என்று அத்தை என்னை இடுப்பால் நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பலகைக்குள் விட்டு ஏதோ நாலு வார்த்தை அடித்துப் பார்த்தாள். "நல்லாவே கெட்டுப்போச்சு. கெட்டிக்காரிதான் நீ. போய் அந்த மூலையில நில்லு."

"அத்தே, திரும்ப எடுத்துட்டு..."

"நேரமில்ல சாமி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆபீசர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். சரியாக இருந்த ஒன்றை, காட்டச் சொன்னாளே என்று என் கையாலேயே கெடுத்துவிட்டு, இப்போது ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறேன். ஐடி போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

அவர் கடிகாரத்தை ஓடவிட்டார். சத்தம் ஆரம்பித்தது. பொன்னுசாமி வந்தார், அவர் அப்பா வந்தார், குண்டனி நாட்டில் அவர் வீட்டு விலாசம் வந்தது, பட்டா எண் வந்தது. எங்கும் ஒரு பிசகு இல்லை. கெட்டுப்போன கீபோர்டில் அத்தை எப்படி இவ்வளவு சரியாக அடிக்கிறாள் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முடிந்தது என்று அத்தை சொன்னபோது ஆபீசர் போனைப் பார்த்தார். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். ஒரு டிக் போட்டார்.

அந்த ஃபைலுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல இதுதான் இடம். இரண்டு வருடத்துக்கு முன் ஹாஸ்டலில் கீபோர்டின் எழுத்துகளை மாற்றியமைப்பது பற்றி ஒரு அசைன்மென்ட் செய்துகொண்டிருந்தேன். வழக்கமாக ஓ-வும் எல்-லும் வலது மோதிர விரலுக்கு. பி வலது சுண்டு விரலுக்கு. என்டரும் பேக்ஸ்பேஸும் அதே சுண்டு விரலுக்கு. இப்படி ஒரு படம் போட்டு விரல்களைக் குறித்துக்கொண்டே வந்தவள், பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அத்தை ஓ-வை எக்ஸ் இருந்த இடத்துக்கும், எல்-ஐ இசட் இருந்த இடத்துக்கும், பி-யைக் கியூ இருந்த இடத்துக்கும் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் இடது கைப் பக்கம். என்டரும் பேக்ஸ்பேஸும்கூட இடது ஓரத்துக்கு வந்திருந்தன. எதற்கு அந்த மூன்று எழுத்து என்றால், எங்கள் மலையில் பெயரையும் ஊரையும் இங்கிலீஷில் எழுதக் கியூவும் எக்ஸும் வேண்டியதே இல்லை, இசட் எப்போதாவது ஒரு ழகரத்துக்கு வரும். அத்தை அதையெல்லாம் எண்ணிப் பார்த்து, ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, கம்ப்யூட்டர் விற்ற பையனிடம் அந்த ஃபைலைச் செய்து வாங்கியிருக்கிறாள். அவன் பிறகு துபாய் போய்விட்டான். அதைத் திரும்ப வைக்க அந்தக் கடையில், அந்தப் பத்து நிமிடத்தில், என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் அழ ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும் என்பது என்னை வளர்த்த அத்தைக்குத் தெரியும்.

ஆனால் வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை.

ஆபீசர் தன் குறிப்பை அந்தக் கம்ப்யூட்டரிலேயே அடித்து அனுப்பிவிட்டுப் போவதாகச் சொன்னார். அத்தை வேண்டாம் என்று சொல்வதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஆபீசர் இரண்டு விரலால் அடிக்கிறவர். இடம் என்ற கட்டத்தில் கொல்லி என்று அடித்தார். கே, எக்ஸ், இசட், இசட். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி அடித்தார். மறுபடியும் அதே.

"என்னம்மா, கீபோர்டு கெட்டுப்போச்சா?"

அத்தை வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"நாந்தானுங்க கெடுத்தேன். நேத்து சரி பண்ணி வெச்சிருந்தேன். அத்தைதான் நீங்க காப்பிக்குப் போனப்ப மறுபடி கெடுக்கச் சொன்னாங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து, அவர் கண்ணெதிரே, கீபோர்டின் வலது பக்கத்தில் வைத்தாள். எந்த எழுத்து கெட்டிருக்கிறது என்று காட்டுகிறாள் போல என்று நினைத்தேன்.

ஆபீசர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நாற்காலியை அத்தை பக்கம் தள்ளினார்.

"உக்காருங்கம்மா. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அத்தையைப் பற்றிய ரிப்போர்ட்டை அத்தையே அடித்தாள். இடம் இருக்கிறது. பிரிண்டர் இருக்கிறது. இன்வெர்ட்டர் இருக்கிறது. கொடுத்த விண்ணப்பம் இவ்வளவு நேரத்தில் பிழையில்லாமல் முடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஆபீசர் நிறுத்தினார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, கீபோர்டு பக்கம் முகவாயைக் காட்டினார்.

"இதையும் ஒரு வரி சேத்துக்கலாம்மா. இதுக்குன்னு தனியா முன்னுரிமை இருக்கு. சேத்தா ஐடி சீக்கிரம் கெடைக்கும்."

அத்தையின் விரல்கள் அப்படியே நின்றன. "வேண்டாங்கய்யா."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இல்லன்னா வரிசையில எப்ப வருதோ அப்பத்தான்."

"தெரியுங்க. முன்ன நாமக்கல்ல ஒரு ஆபீஸ்ல இதப் பாத்துட்டு என்னைய அடிச்சுக் காட்டவே சொல்லலீங்க. இன்னைக்கு நீங்க நேரம் போட்டுப் பாத்துட்டீங்க. அந்த நேரத்த மட்டும் எழுதுங்க. போதுங்க."

ஆபீசர் "சரி, முற்றுப்புள்ளி வெச்சிருங்க" என்றார். ஜீப்பில் ஏறும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டினார். "பெரிய ஆளு பாப்பா நீ." கீழே இறங்கவும் அதே எழுபது வளைவு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல டிரைவரிடம், "மெதுவாப் போப்பா" என்றார்.

ஐடி வர மேலும் எட்டு மாதம் ஆனது. அதுவரை அத்தை வந்தவர்களுக்கு வழி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வரி எதைப் பற்றியது என்பதில் எனக்கு அன்றைக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கீபோர்டைக் கெடுத்தது ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்று ஆபீசர் சர்க்கார் ரிப்போர்ட்டில் எழுதப் பார்த்தார். ஐடி தாமதமானாலும் பரவாயில்லை என்று அத்தை என்னைக் காட்டிக்கொடுக்க மறுத்துவிட்டாள். நாமக்கல்லிலும் இதே வைரஸ் தொல்லை இருந்திருக்கிறது, பாவம். அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே கடையைக் கூட்டினேன். பெஞ்சைத் துடைத்தேன். ஜெராக்ஸ் காகிதத்தை ஓரம் சேர்த்து அடுக்கினேன். அத்தை யாருக்கோ மனு அடித்துக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்ன கண்ணு, வயித்துவலி போயிருச்சா?"

பக்கத்தில் போய் நின்றேன். "அத்தே, நான் பெரிய படிப்புப் படிச்சு வந்து இந்தக் கீபோர்ட நெசமாவே சரி பண்ணித் தாரேன்."

அத்தை கை நிற்காமல் சிரித்தாள். முன்பல் சந்து தெரிந்தது.

"ஆவட்டும் சாமி. ஒண்ணும் அவசரமில்ல."

கெட்டுப்போன பொருளை வைத்துக்கொண்டு இவ்வளவு பொறுமையாக இருக்க ஒருத்தியால் எப்படி முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.